வான்கோழியிடமிருந்து தப்ப ஒரு கலாசாரச் சுற்றுலா

இந்த ஜன்மத்தில் வான்கோழியோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை என்று ஒரு மாலை, பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தேன்.

மாலையில் ஏன் பல் தேய்த்தாய் என்று கேட்பீர்கள். எனக்கு விடிவது அப்போதுதான். சுங்லியில் ஃப்ரிட்ஜ் உதிரி பாகங்கள் அடைத்து வைத்திருக்கிற கிடங்கு ஒன்றுக்கு நான் இரவுக் காவலாளி. ஊர் போர்வையை இழுத்துப் போர்த்தும்போது நான் சட்டை மாட்டுவேன். ஊர் சட்டை மாட்டும்போது நான் போர்த்திக்கொள்வேன்.

வான்கோழி தன் அளவில் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதை வேகவைத்து, பிய்த்து, சோற்றின் மேல் போட்டு, கொழுப்பும் வெங்காயமும் ஊற்றி விற்கிறாரே என் மச்சான் கிம்-தேக், அவர்தான் பிரச்சினை. என் மனைவி லுவானின் அண்ணன். ஜியாயி நகரத்தில் கடை. கடை நன்றாக ஓடியது. எவ்வளவு நன்றாக என்றால், ஓடிக்கொண்டே போய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டியும் போட்டுவிட்டது. அந்தக் குட்டிக் கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று போனில் கத்தினார். கிம்-தேக் பேசுவதில்லை. கத்துவார். போனை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்கலாம்.

"ஏங்க, அண்ணன் உங்களைத்தான் கேக்கிறார்" என்றாள் லுவான்.

"எனக்கு வேலை இருக்கே."

"எது? கிடங்குல இருக்கிற கம்ப்ரஸர் எழுந்து ஓடிடாம பாத்துக்கிறதா?"

"அது பொறுப்பான வேலை."

"இத்தனை வருஷத்துல ஒண்ணாவது ஓடிச்சா?"

"ஓடல. ஏன் ஓடல? நான் இருக்கேன்."

லுவானுக்கு மார்க்கெட்டில் தையல் கடை. புதுத் துணி தைப்பதில்லை. ஊராரின் இடுப்பு பெருத்தால் பிரித்துவிடுவாள், சிறுத்தால் பிடித்துவிடுவாள். காலையில் நான் படியேறி வரும்போது அவள் படியிறங்கிப் போவாள். எங்கள் இல்லறம் பெரும்பாலும் மாடிப்படியிலேயே நடந்தது. "சூப் அடுப்புல இருக்கு." "மழை வரும் போல, குடை எடுத்துக்கோ." அவ்வளவுதான். குடும்பம் நடத்தியாகிவிட்டது.

அவள் கேட்பதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படித்ததெல்லாம் அந்தக் கிடங்கின் மேஜை விளக்கடியில், நூலகப் புத்தகங்களில். எங்கள் தீவில் யாரும் இறங்காத ஊர்களின் வரலாறு எனக்கு அத்துப்படி. ஆனால் எந்த ஊருக்கும் போனதில்லை. பகலெல்லாம் தூங்குகிறவன் எங்கே போவது? எல்லா ஊரையும் எனக்குத் தெரியும், எந்த ஊருக்கும் என்னைத் தெரியாது என்று சில சமயம் தோன்றும். பக்கத்தைத் திருப்பிவிடுவேன். பழகிவிட்டது. பழகியதை விட்டுவிட்டு, நட்ட நடுப்பகலில், கத்துகிற மச்சானுக்கும் பசித்த ஜனங்களுக்கும் நடுவே போய் நிற்பதா? முடியவே முடியாது.

எதிர்த்துப் பேசினால் தோற்பேன் என்பது அனுபவம். ஆகவே ஒத்துப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

"லுவான், லீவு போடறேன். ரெண்டு பேரும் டூர் போவோம்."

"தைபேக்கா?"

"அங்கே எல்லாரும் போறாங்க. நாம யாரும் போகாத ஊருக்குப் போவோம். சாங்ஹுவா, ஹூவெய், கடைசியில பேகாங். கலாசாரம், வரலாறு, சாப்பாடு. பேகாங்ல மாட்சு அம்மன்கிட்ட உன் அண்ணன் விஷயத்தைக் கேட்டுடுவோம். அம்மன் என்ன சொல்றாளோ அதுதான் முடிவு. அப்புறம் நீயும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது, உங்க அண்ணனும் கத்தக்கூடாது."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் முதல் தடவையிலேயே 'சரிங்க' சொன்னது அன்றுதான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன்.

அம்மனிடம் கேட்பது எப்படி என்று எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பிறை மாதிரி இரண்டு கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் புடைப்பு. பெயர், விலாசம், விஷயம் எல்லாம் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் 'ஆமாம்'. இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள். ஒழுங்காகக் கேள் என்கிறாள். இரண்டும் கவிழ்ந்தால் 'இல்லை'. பெரிய விஷயமென்றால் ஒரே பதில் மூன்று முறை வர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எனக்கு வேண்டியது 'இல்லை'. மூன்று 'இல்லை'.

ஒரு ஜோடிக் கட்டை வாங்கினேன். லுவான் மார்க்கெட்டுக்குப் போனதும் குளியலறைத் தரையில் பயிற்சி. தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் வைக்க வேண்டும். மண்டி போட்டு, கையைத் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். வீசக்கூடாது. பக்தியில் கை நடுங்குவது போல் நடுங்கி, வெடுக்கென்று கையை உருவிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அம்மன் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை. தூக்கத்தைத் துறந்தேன். கொஞ்ச நாளில் கட்டைகள் என் சொல் கேட்டன. வீட்டில் என் சொல் கேட்ட முதல் ஜீவன்கள்.

ஒரு நாள் மத்தியானம் கதவைத் தட்டினாள் கீழ் வீட்டு பெங் அக்கா.

"தம்பி, மேல என்ன சத்தம்? டக் டக்குனு?"

"மூங்கில் குருத்து நறுக்கறேன் அக்கா."

"குளியலறையிலயா?"

"கழுவிக்கிட்டே நறுக்கறேன்."

"நறுக்கு, நறுக்கு. ஆனா ஒவ்வொரு துண்டுக்கும் 'அப்படிப் போடு'ன்னு கத்தாதே. என் பூனை பயந்துபோய் சாப்பிட மாட்டேங்குது."

கிளம்பினோம்.

சாங்ஹுவாவில் இறங்கியதும் சூரியனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கும் அவனைத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். லுவான் தன் பூப்போட்ட குடையை என் கையில் திணித்தாள். பூக்களுக்கு நடுவே நடந்து பழைய ரயில் எஞ்சின் கொட்டகைக்குப் போனோம். விசிறி மடிப்பு மாதிரி வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எஞ்சின் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்தது. நேரில் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை.

"பாரு, நடுவுல வட்டமா ஒரு தட்டு இருக்கில்ல? எவ்வளவு பெரிய எஞ்சினா இருந்தாலும் சரி, அதுமேல ஏறி நின்னாப் போதும். தட்டு சுத்தும். எஞ்சின் முகம் வேற பக்கம் திரும்பிடும்."

"எஞ்சின் ஒண்ணும் சொல்லாதா?"

"அதுக்கு என்ன தெரியும்? நேராத்தான் போய்க்கிட்டிருக்கோம்னு நினைச்சுக்கும்."

"பாவம்" என்றாள் லுவான். எஞ்சினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அப்புறம் இறைச்சி உருண்டை சாப்பிட ஒரு கடைக்குப் போனோம். அரிசி மாவுத் தோலுக்குள் பன்றியிறைச்சியும் மூங்கில் குருத்தும் வைத்து, பதமான சூட்டில் எண்ணெயில் மிதக்க விட்டு எடுத்து, மேலே இனிப்பும் காரமுமாகச் சாறு. லுவான் கண்ணை மூடிச் சாப்பிட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சாறுல தித்திப்பு ஒரு இழை கூட. அதை விடு. வரிசையைப் பாரு. உள்ளே வர்றவனும் வெளியே போறவனும் ஒரே வாசல்ல முட்டிக்கிறான். சூப் அண்டா வலது பக்கம் இருக்கு, கிண்ணம் இடது பக்கம் இருக்கு. அந்தப் பொண்ணு நாள் முழுக்க நடந்தே ஜியாயி போய்ச் சேர்ந்திடும்."

"நீங்களா இருந்தா எப்படி வெப்பீங்க?"

"நான் ஏன் வைக்கிறேன்?"

"சும்மா. பேச்சுக்கு."

பேச்சுக்குத்தானே என்று பேசினேன். அண்டா எங்கே, கிண்ணம் எங்கே, வரிசை எந்தச் சுவரோரம், மழை வந்தால் குடைகளை எங்கே செருகுவது என்பது வரை பேசினேன். காவலாளிக்கு யார் எங்கே நடப்பான் என்பது தெரியாதா? லுவான் ஒவ்வொன்றுக்கும் "ஓஹோ" போட்டாள். அன்று சாயங்காலம் விடுதி பால்கனியில் நின்று யாரிடமோ போனில் அண்டா, அண்டா என்று பேசிக்கொண்டிருந்தாள். தோழியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஹூவெய். கரும்பு ஆலை ஓடும் பருவம். ஊர் முழுக்கப் பாகு வாசனை. மூச்சு விட்டாலே தித்திப்பு. ஆலைக் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு, கரும்பு ரயில் போன இரும்புப் பாலத்தைப் பற்றி லுவானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது கட்டினார்கள், எப்போது வெள்ளம் கொண்டுபோனது, ஏன் அதன் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தினுசாக இருக்கிறது என்று. திரும்பிப் பார்த்தால் பின்னால் கூட்டம். ஐஸ் உருகுவது தெரியாமல் ஒரு குடும்பமே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஐயா இந்த ஊரா?"

"இல்லம்மா. சுங்லி."

"இந்த ஊர்க்காரங்களுக்கே இவ்வளவு தெரியாதே! இந்தாங்க, இன்னொரு ஐஸ். நாளைக்கும் வாங்க."

அந்த ஐஸைச் சாப்பிட்டு முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது. குளிர்ச்சியால்தான் என்று லுவானிடம் சொன்னேன். அவள் நம்பியது போல் நடந்துகொண்டாள்.

அங்கிருந்து பேகாங்குக்குப் பஸ். ஜன்னலோரம் வேர்க்கடலை வயல்கள். நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். ஆகவே பிரசங்கம் செய்தேன்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க லுவான். அம்மன் மூணு தடவை ஒரே பதில் சொல்லிட்டா அவ்வளவுதான். திரும்பக் கேக்கக் கூடாது. கேட்டா அம்மனை நம்பலைன்னு அர்த்தம். பெரிய அவமரியாதை."

"பிடிக்காத பதில் வந்தாலுமா?"

"பிடிக்காத பதில் வந்தாத்தான் முக்கியமா."

"சரியாச் சொன்னீங்க" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கணவன் பேச்சைத் தாலாட்டாக எடுத்துக்கொள்ளும் மனைவி. எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் கோயில் தெருவில் அரிசி மாவுப் பலகாரம். கல்லில் மொறுமொறுவென்று சுட்டு, பக்கத்தில் பன்றிக் குடல், பூண்டுச் சாறு. வயிறு நிறைந்தது. மனசும் நிறைந்தது. கோயிலுக்குள் நுழைந்தோம். ஊதுவத்திப் புகையில் அம்மன் முகம் கறுத்துப் பளபளத்தது. பஸ் பஸ்ஸாக ஜனம். எங்கு பார்த்தாலும் கட்டை விழுகிற சத்தம். என் காதுக்கு அது கச்சேரி.

ஒரே ஒரு கவலைதான் பாக்கி. கட்டையை லுவான் போடுகிறேன் என்றால் என்ன செய்வது? பிடுங்குவதா, கெஞ்சுவதா? அதற்குள் அவளே மணிக்கட்டை நீட்டினாள். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது.

"ஏங்க, தைச்சுத் தைச்சுக் கை சுளுக்கிடுச்சு. நான் மனசுக்குள்ள கேட்டுக்கிறேன். நீங்க போடுங்க."

அம்மா தாயே என்று மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன். வெளியே, "உனக்காகப் போடறேன்" என்றேன்.

மண்டியிட்டோம். லுவான் முணுமுணுத்தாள். "அம்மா, நாங்க சுங்லி, மார்க்கெட் சந்து, நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது…" அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

தட்டைப் பக்கம் கீழே. தாழ்வாகப் பிடித்தேன். பக்தியில் நடுங்கினேன். உருவினேன்.

பொத்.

இல்லை.

இரண்டாம் முறை. பொத். இல்லை.

பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஓர் அம்மாள் தன் வேண்டுதலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் முறை கட்டைகள் இரண்டும் சமர்த்துப் பிள்ளைகளாகக் குப்புறப் படுத்தன.

"ஐயோ பாவமே" என்றாள் அந்த அம்மாள்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்யறது லுவான். அம்மன் சொல்லிட்டா."

"ஆமாங்க. மூணு தடவை சொல்லிட்டா."

"உங்க அண்ணனுக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்."

"அவருக்கு என்ன கஷ்டம்? துள்ளிக் குதிப்பார்."

"ஏன்?"

"நான் கேட்டது, 'என் வீட்டுக்காரர் இன்னமும் அந்த ராத்திரி வேலையிலயே இருக்கட்டுமா தாயே'ன்னுதானே."

பேகாங் கோயிலின் மொத்தப் புகையும் என் தொண்டைக்குள் புகுந்தது. இருமினேன். இருமல் நின்றதும் கத்தினேன். ரகசியமாகத்தான்.

"இது செல்லாது! நாம பேசினது உங்க அண்ணன் கடை விஷயம்!"

"இங்கே இருந்து எழுந்தாத்தானே அங்கே போய் உக்கார முடியும்? முதல் கேள்வியை முதல்ல கேட்டேன்."

"கட்டையைக் கொடு. திரும்பப் போடறேன்."

"அம்மனை நம்பலையா நீங்க?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் ஊதுவத்தி தானாகப் பற்றியிருக்கும்.

"நம்பறேன், நம்பறேன். ஆனா அது விழுந்தது அம்மன் சித்தமில்ல…"

"பின்னே யார் சித்தம்?"

மாட்சு அம்மனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள் நிற்பார்கள். ஒருவருக்கு ஆயிரம் காத தூரம் பார்க்கிற கண். இன்னொருவருக்குக் காற்றில் வருவதையெல்லாம் கேட்கிற காது. அவர்களும் என் தொழில்காரர்கள்தான்; கொஞ்சம் சலுகை காட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் காதில் கை வைத்து என் குளியலறையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்துவிட்டேன்.

கோயில் வாசலில், வெயிலில் ஒரு பெஞ்சு. லுவான் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"பெங் அக்கா சொன்னாங்க. 'உன் புருஷன் கட்டை போட்டுப் பழகறான். ஆரம்பத்துல தாறுமாறா விழுந்துச்சு. இப்ப ரெண்டும் சேர்ந்து பொத்துனு விழுது. இல்லைன்னு விழற சத்தம்'னாங்க. அவங்க கோயிலுக்குப் போகாத நாள் உண்டா? காது பழகியிருக்காதா?"

"தெரிஞ்சுக்கிட்டே வந்தியா?"

"பின்னே? 'இல்லை'ன்னு போட இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. அது வீணாப் போகலாமா? அதுக்குத் தகுந்த கேள்வியாப் பாத்துக் கேட்டேன்."

நான் கடலையை மென்றேன். வேறென்ன செய்ய?

"ஏங்க."

"ம்."

"உங்க இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு. நேத்து ஹூவெய்ல, நீங்க பாலத்தைக் காட்டிக் காட்டிப் பேசினீங்களே, அப்பத்தான் பாத்தேன். இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியலை. மாடிப்படியில லைட் கிடையாதில்ல."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் கடலைப் பொட்டலத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜியாயில பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன் கடைசியில்.

"நீங்கதான் படிச்சவர். நீங்க சொல்லுங்க."

"பழைய ஜெயில் ஒண்ணு இருக்கு. இப்ப அருங்காட்சியகம்."

"மத்தியானம் கடையை மூடிட்டு தினம் போய்ப் பாக்கலாம்."

ஆனாலும் நான் அங்கேயே ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஆண்பிள்ளை. பஸ்ஸில் ஏறும்போதே கறாராகச் சொல்லிவிட்டேன். கடையைச் சும்மா பார்ப்பேன். சுற்றிப் பார்ப்பேன். ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவேன். சுங்லிக்குத் திரும்பிப் போய், நிதானமாக, தனியாக யோசிப்பேன். முடிவு என்னுடையது, என்னுடையது மட்டும்தான். பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்கள். லுவான் டிக்கெட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜியாயி ரயில் நிலையத்துக்கு எதிரே இறங்கியதும், "மாப்ளே!" என்று ஒரு சத்தம். புறாக்கள் பறந்தன. கிம்-தேக் சாலையைக் கடந்து ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் மேல் வறுத்த வெங்காய வாசனை. எனக்குப் பசித்தது. கடையில் அண்டா இடது பக்கம் இருந்தது, கிண்ணமும் இடது பக்கம். வரிசை நிற்கச் சுவரோரமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் பசியோடு என்னைப் பார்த்தார்கள்.

"மச்சான், நான் சும்மா பாக்கத்தான்…"

கிம்-தேக் ஒரு சமையல் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டினார். நெஞ்சில் நீல நூலில் என் பெயர். அந்தத் தையல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? துணியில் புதுசின் விறைப்பே இல்லை. பல தடவை துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகு என் இடுப்புக்கு அளவாகப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுச் சோப்பு வாசனை அடித்தது.

"அப்புறம், உங்க முடிவு என்னங்க?" என்றாள் லுவான், என் முதுகுப் பக்கம் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே.